மாண்டி என்றால் முட்டி

“காக்கூ, மாண்டி கஷி ஆஹே?”

சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தேன். சாயலி எதிரே வந்து நின்று கேட்டாள். கையில் நீல டைரி, காதில் செருகிய பேனா. காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. அவள் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். எனக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவள்.

மாண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். மாண்டி என்றால் முட்டி. பள்ளிக்கூடத்தில் நம்மை மண்டி போடச் சொல்வார்களே, அந்த மண்டிதான் இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் நீண்டுவிட்டது. என் முட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை.

“ஏக்தம் மஸ்த்” என்றேன். பிரமாதம் என்று அர்த்தம்.

“குட்கா?”

இது குதிகால். தமிழில் எழுதினால் கடையில் ஒளித்து விற்கும் பாக்குப் பொட்டலம் ஆகிவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. குதிகாலும் மஸ்த்தான்.

அவள் டைரியில் இரண்டு டிக் போட்டாள். அன்றைக்கு அறுபது மீட்டர் ஓட்டம் ஐந்து முறை, ஒவ்வொன்றும் முழு வேகத்தில். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான மாநிலத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. நூறு மீட்டரில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகும் அணியில் இடம் கிடைக்கும். என் நேரத்துக்கு மூன்றாவது இடம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது.

நான்காவது ஓட்டத்தில், பாதி தாண்டியதும், வலது தொடையின் பின்பக்கம் யாரோ கல்லால் அடித்தார்கள். அப்படித்தான் நினைத்தேன். விழுந்த பிறகும் எறிந்தது யார் என்று திரும்பிப் பார்த்துத் தேடினேன். பின்னால் ஒருவரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ராணுவக்காரர்கள் உடற்பயிற்சிக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அந்தத் தொடை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. தளேகாவ் ஸ்டேஷன் படி ஏறும்போது தெரிந்தது. ஆனால் சாயலி முட்டியைக் கேட்டாள், குதிகாலைக் கேட்டாள், தொடையைக் கேட்கவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்களிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம். நானும் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

லோனாவ்ளா லோக்கல்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. தளேகாவ் தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அளப்பேன். தலைமுடி அளவு கூடினாலும் கழித்துவிடுவேன். சப்பாத்தியைத் தட்டில் போடுவதற்குள் அது வட்டமில்லை என்று கண்டுபிடித்துவிடுவதாக வீட்டில் எனக்குக் கெட்ட பெயர்.

மகள் ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதில் வீட்டுக்காரருக்கு வங்கியில் மாற்றல் வந்து, கோயமுத்தூரை விட்டுப் புனேயில் வானவடிக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டம் என் வாழ்க்கையில் அதற்கப்புறம் பல வருடம் கழித்துத்தான் வந்தது. நாற்பத்து நாலு வயதில்.

மழைக்கால நாள் ஒன்று. ஸ்கூட்டரில் புனே ஸ்டேஷன் வந்து சேர்வதற்குள் லோனாவ்ளா லோக்கல் நகர ஆரம்பித்துவிட்டது. டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். முன்னால் ஓடிய இரண்டு கல்லூரி மாணவர்களைத் தாண்டிப் பெண்கள் பெட்டியின் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். செய்யக் கூடாத காரியம், யாரும் செய்யாதீர்கள்.

உள்ளே ட்ராக் பேண்ட் போட்ட பெண் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஈரத் துப்பட்டாக்களின் வாடை, யாரோ திறந்த டப்பாவிலிருந்து வெங்காயம் போட்ட அவல் போஹாவின் வாசனை. நான் மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு இந்தியில் சொன்னாள்.

“நல்ல வேகமா ஓடறீங்க ஆன்ட்டி. ஆனா ரொம்பத் தப்பா ஓடறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்று சொல்வது என் வேலை, கேட்பது அல்ல. எப்படியாவது பதிலுக்கு ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. “மலா மராத்தி யேத” என்றேன். எனக்கு மராத்தி வரும் என்று பொருள். வராது என்று அவள் சொல்லவே இல்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சாயலி சாதாராப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தடை தாண்டும் ஓட்டத்தில் மாநிலம் வரை போய், முதுகு போனதும் பயிற்சியாளர் ஆனவள். சாயங்காலங்களில் ஒரு ஜிம்மில் வேலை. காலையில் வானவடி மைதானத்தில் ஏழெட்டுப் பெண்களுக்குப் பயிற்சி. அன்றிலிருந்து என்னிடம் அவள் இந்தியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றப் பெண்களிடம் இந்தி, என்னிடம் மராத்தி. அந்தக் கௌரவம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என் மராத்தி இயந்திரங்களுக்கு நடுவே கற்றது. துரு, விரிசல், பிசிறு, தேய்மானம் எல்லாவற்றுக்கும் வார்த்தை தெரியும். காய்கறிக்காரரிடம் சண்டை போடத் தெரியும். அந்த மராத்தியில் மனித உடம்பு மட்டும் கிடையாது. இயந்திரத்துக்குத் தொடை ஏது?

தப்பாக ஓடிய கால்கள்

முதல் மூன்று வாரம் அவள் என்னை ஓடவே விடவில்லை. நடக்க வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக. பிறகு அதையே துள்ளித் துள்ளி. வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் அப்பாக்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் பேசியதெல்லாம் மராத்தியில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“நீங்க காலை ரொம்ப முன்னால நீட்டி வைக்கறீங்க, காக்கூ. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். பாதம் உடம்புக்கு நேர் கீழ விழணும். தரையப் பிடிச்சு இழுக்கக் கூடாது, பின்னால தள்ளணும்.”

பிரேக் என்றதும் புரிந்துவிட்டது. நாங்கள் செய்வதே பிரேக் பாகங்கள்தான்.

கையைப் பற்றி இன்னொரு நாள். கை குறுக்கே ஆடினால் உடம்பும் ஆடும். தோளிலிருந்து வீச வேண்டும், கன்னத்திலிருந்து இடுப்புப் பை வரை. தாடையை இறுக்கக் கூடாது, தாடை இறுகினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் இறுகும். கிளம்பும்போது தலையை உடனே நிமிர்த்தக் கூடாது, விமானம் ஏறுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர வேண்டும். என் தாடையைத் தளர்த்த மட்டும் நாலு மாதம் ஆயிற்று. இருபது வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அளந்த தாடை அது.

ஓடும்போது பக்கத்திலேயே ஓடிவந்து கத்துவாள். “மாண்டி வர்! மாண்டி வர்!” வர் என்றால் மேலே. நான் முட்டியை உயர்த்துவேன். “ஷாபாஷ்!” என்பாள். சில நாள் “குட்கா வர்!” நான் குதிகாலைப் பின்புறம் தொடும்படி மடக்கி உயர்த்துவேன். அதற்கும் ஷாபாஷ் கிடைக்கும். சொன்னதைச் செய்கிறேன், பாராட்டு வருகிறது, நேரமும் குறைகிறது. சந்தேகப்பட எனக்கு என்ன காரணம் இருந்தது?

மண்டி போட்ட சாட்சி

வேகம் காலில் இல்லை, பலத்தில் இருக்கிறது என்பாள் சாயலி. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் பளு. தோளில் கம்பி வைத்து உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. எல்லாவற்றிலும் கொடுமையான ஒன்றை அவள் மாண்டிக்கான பயிற்சி என்பாள்.

அதைச் செய்யும் விதம் இது. விரிப்பின் மேல் மண்டி போட வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வார். முதுகை வளைக்காமல், மெதுவாக, மிக மெதுவாக, முன்னால் சாய்ந்துகொண்டே போக வேண்டும். விழாமல் எவ்வளவு தூரம் தாங்க முடியுமோ அவ்வளவு. முதல் நாள் நான் பொத்தென்று முகம் குப்புற விழுந்தேன். மறுநாள் உட்காரக்கூட முடியவில்லை.

“இது மாண்டிக்கு. ஓடறப்போ கால் முன்னால வீசுது இல்லையா, அதைப் பிடிச்சு நிறுத்தறது மாண்டிதான். அங்க பலம் இல்லன்னா கிழிஞ்சிரும்.”

மாண்டிக்கான பயிற்சி என்கிறாள், மண்டி போடச் சொல்கிறாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காலை மடக்கி நீட்டுவது முட்டிதானே, அது பிடித்து நிறுத்துவதும் நியாயமாகத்தான் பட்டது. தொடையின் பின்பக்கம் ஏன் வலிக்கிறது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

முழு வேக ஓட்டம் வாரத்துக்கு இரண்டு முறைதான். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஆரம்பத்தில் அது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. களைத்த காலோடு ஓடினால் தப்பாக ஓடத்தான் பழகும் என்று திட்டுவாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாள். அதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள்.

“மாண்டி இறுக்கமா இருந்தா அன்னைக்கு ஓட்டமே இல்ல. பொய் சொல்லக் கூடாது, காக்கூ.”

நான் பொய்யே சொன்னதில்லை.

நானாகச் சேர்த்த வார்த்தை

தசை கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் ஓடக் கூடாது என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். தேர்வு போயிற்று. இரண்டு வருட உழைப்பு என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் அழவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று தேடினேன். தொழிற்சாலையில் ஒரு பாகம் உடைந்து வந்தால் அதைத்தான் செய்வோம்.

தேடிய இடத்தில் சாயலி கிடைத்தாள். முட்டியைக் கேட்கத் தெரிந்தவளுக்குத் தொடையைக் கேட்கத் தெரியாதா? ஓடுகிறவர்களுக்கு முதலில் கிழிவதே அதுதான் என்று டாக்டரே சொல்கிறாரே.

என்னோடு பயிற்சிக்கு வருபவர்களில் தேஷ்பாண்டே மேடம் ஒருவர், ஒரு பள்ளியின் துணை முதல்வர். அவர்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆசிரியை தேடிக்கொண்டிருந்தார்கள். சாயலியை எடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அது சாயலிக்கும் தெரியும். மைதானத்து ஓரக் கல்லில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள். “எனக்குன்னு ஒரு மைதானம், காக்கூ. நானே கோடு போடுவேன். பத்து வயசுல பிடிச்சா யாரும் தப்பா ஓட மாட்டாங்க.”

தேஷ்பாண்டே மேடம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். தலையணையில் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.

“ஓடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு சரியா விசாரிச்சாளா?” என்று இந்தியில் கேட்டார்.

“முட்டியக் கேட்டா, குதிகாலக் கேட்டா. தொடையக் கேட்கல. ஒரு நாள்கூடக் கேட்டதில்ல” என்றேன்.

ஒரு நாள்கூட என்பதை மேடம் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார். “அந்தப் புள்ள மேல எதுக்கு சுமதி பழி போடறே? அது உன்னயக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஓட உட்டுதா?”

“நான் பழி போடலீங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“செரி உடு” என்றார். ஒரு சுளையைக்கூட எனக்குத் தரவில்லை.

குழுவிலிருந்து இரண்டு பேர் நின்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சாயலி தினமும் எப்படி இருக்கிறது என்று செய்தி அனுப்புவாள். நான் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

மோக்ளி சோடா

ஒரு மாதம் கழித்துப் பிசியோதெரபி ஆரம்பித்தது. என்னால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, மகள் நித்யா உட்கார வைத்துக் கூட்டிப் போனாள். அவளுக்குப் பதினேழு வயது. இங்கேயே படித்ததால் மராத்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தத்தளிக்கும்.

கட்டிலில் படுத்திருந்தேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மா “மாண்டி மோக்ளி சோடா” என்றார். மோக்ளி என்றால் தளர்வாக, சோடா என்றால் விடுங்கள். நான் முட்டியைத் தளர்த்தி மடக்கினேன். “மாண்டி, மாண்டி” என்றார். இன்னும் கொஞ்சம் மடக்கினேன். மூன்றாவது முறை அவர் பொறுமையிழந்து என் தொடையில் பளீரென்று தட்டினார். “மாண்டி!”

“அது எப்படி மாண்டி ஆகும்?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நித்யா போனிலிருந்து தலை தூக்கினாள். “அம்மா, மாண்டின்னா இதுதான். தமிழ்ல என்ன… தொட? தொடை. அது.”

“முட்டி இல்லையா?”

“முட்டி குட்கா.”

“குட்கா குதிகால் இல்லையா?”

நித்யா சிரிக்க ஆரம்பித்தாள். போன் கீழே விழுந்தது. பிசியோதெரபிஸ்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள், அவரும் சிரித்தார். இரண்டு வருடமாக என் உடம்பு மொத்தமும் ஒரு மாடி கீழே இறங்கியிருக்கிறது. நானும் சிரித்தேன், பாதி வரை.

பாதியில் அந்தக் காலை நினைவு வந்தது. மாண்டி எப்படி இருக்கிறது, காக்கூ? அன்றைக்கு மட்டுமா? ஓடிய ஒவ்வொரு நாளும் அவள் தொடையைத்தான் கேட்டிருக்கிறாள். நான் தொடையைப் பற்றித்தான் பிரமாதம், பிரமாதம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதுவரை படித்து வந்த நீங்களும் மாண்டி என்றால் முட்டி என்று என்னை நம்பித்தான் படித்திருப்பீர்கள். தேஷ்பாண்டே மேடமும் அப்படித்தான் நம்பினார்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு அளவுகருவியிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்துச் சரிபார்க்க வேண்டிய தேதி. ஸ்டிக்கர் இல்லாத கருவியால் அளந்தால் அந்த அளவு செல்லாது. இதைப் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

நீல டைரி

மறுநாள் காலை நொண்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சாயலி கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, இந்தியில், முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். மண்டி போடுவதை நடித்துக் காட்டக் கால் இடம் கொடுக்கவில்லை, கையாலேயே காட்டினேன். தேஷ்பாண்டே மேடத்திடம் சொன்னதையும் அப்படியே சொன்னேன், ஒரு நாள்கூட என்பதைச் சேர்த்து.

அவள் சிரிக்கவில்லை. போய் டைரியை எடுத்து வந்து பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் எங்கள் பெயர்கள், எதிரே கட்டங்கள். என் பெயருக்கு நேராக, மாண்டி என்ற கட்டத்தில், பக்கம் பக்கமாக டிக்.

“நான் தினமும் கேட்டேன், காக்கூ.”

“தெரியும்.”

“இல்ல, நீங்க கேட்கவே இல்லன்னு சொன்னதாக் கேள்விப்பட்டப்புறம் எனக்கே சந்தேகம் வந்திருச்சு. கேட்காமலே டிக் போட்டுட்டனோன்னு. வீட்ல உட்கார்ந்து பக்கம் பக்கமாப் பார்த்தேன். எந்த நாள் கேட்டேன், எந்த நாள் கேட்கலன்னு ஞாபகம் வரல. இனிமே யாருக்கும் சொல்லிக்கொடுக்கற யோக்கியதை எனக்கு இல்லன்னு நெனச்சேன்.”

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. நான் பறித்தது வேலை வாய்ப்பு ஒன்றை மட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“விசாராய்ச்ச னா, காக்கூ” என்றாள். கேட்டிருக்கலாமே என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னாள். கேட்டிருக்கலாம். இந்தியில் ஒரு முறை, எது மாண்டி என்று. மராத்தி வரும் என்று சொன்னவள் எப்படிக் கேட்பாள்?

தேஷ்பாண்டே மேடத்துக்கு மைதானத்திலிருந்தே போன் செய்தேன். அவர் மாண்டிக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, வேறொருவருக்கு உத்தரவு போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நான் அதை அப்படியே சாயலியிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூம்புகளை வைக்கப் போனாள். அடுத்த வருடம் அங்கே இடம் எதுவும் காலியாகவில்லை.

நின்றுபோன இருவர் வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் திரும்பி வந்தார்.

துட, பட், தொடை

அதன் பிறகு மைதானத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. ஓடுவதற்கு முன் எல்லோரும் வட்டமாக நிற்போம். சாயலி தன் தொடையைத் தட்டி “மாண்டி” என்பாள். ஒவ்வொருவரும் தங்கள் தொடையைத் தட்டி, தங்கள் மொழியில் சொல்ல வேண்டும். கேப்டன் மனைவியான மலையாளப் பெண் “துட” என்பார். பஞ்சாபிப் பெண் “பட்” என்பார். நான் “தொடை.” முட்டிக்கும் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் இப்படியே. பிறகு டைரி சுற்றி வரும். டிக்கோ பெருக்கல் குறியோ இப்போது நாங்களே போட்டு, பக்கத்தில் அவரவர் எழுத்தில் அவரவர் பெயரை எழுத வேண்டும்.

மூன்று மாதம் ஐந்து மாதமாயிற்று. மண்டி போடும் அந்தப் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தபோது எதற்காகச் செய்கிறேன் என்று முதல் முறையாகத் தெரிந்து செய்தேன். மறு வருடத் தேர்வு வந்தபோது பழைய நேரத்தைத் தொட்டு, அதற்குக் கொஞ்சம் கீழேயும் போயிருந்தேன்.

தேர்வு அன்று காலை தகுதிச் சுற்று. இரண்டாவதாக வந்தேன். இறுதி ஓட்டம் சாயங்காலம். நடுவில் ஸ்டேடியத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து நானும் சாயலியும் வாழைப்பழம் தின்றோம். நாலு மணி வாக்கில் எழுந்து நடந்தபோது வலது தொடையின் பின்பக்கம் லேசாகப் பிடித்தது. வலி இல்லை. பிடித்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. தலைமுடி அளவைக்கூடக் கழிக்கிற நானே தொழிற்சாலையில் அந்த அளவு வித்தியாசத்தை எப்போதாவது விட்டுக்கொடுத்ததும் உண்டு.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாயலி டைரியோடு வந்தாள். ஜிம்முக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“மாண்டி?”

மஸ்த் என்பது சின்ன வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிப் பழகியிருந்தது. உள்ளங்கையைத் தொடையின் பின்னால் வைத்து அழுத்திப் பார்த்தேன்.

“கட்ட ஆஹே” என்றேன். இறுக்கமாக இருக்கிறது.

அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. நேராக அதிகாரிகளின் மேஜைக்குப் போய் என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் படியிலிருந்தே இறுதி ஓட்டத்தைப் பார்த்தோம். ஐந்தாவது தடம் காலியாக இருந்தது. மூன்றாவதாக வந்தவரின் நேரத்தை அறிவித்தார்கள், காலையில் நான் அதைவிட வேகமாக ஓடியிருந்தேன். அப்போது அழுகை வந்துவிட்டது. போன முறை வராத அழுகையும் சேர்ந்து வந்தது. சாயலி தன் துண்டை நீட்டினாள்.

முகத்தைத் துடைத்த பிறகு டைரியைக் கொடுத்தாள். மாண்டி என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை தவறித் ‘தொடை’ என்று எழுதிவிட்டது. தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. விரலை வைத்து இது என்ன என்று கேட்டாள்.

“மாண்டி” என்றேன்.